ஃப்ளோரன்ஸ் இரண்டு மெத்தை வாங்கிய கதை

படுக்கப்போகிறவருக்கு இடுப்புக்குக் கீழே உணர்ச்சியே இல்லை என்றால், ஒரு மெத்தை நல்லதா மட்டமா என்று யாரைக் கேட்பது? ராயபுரம் மார்க்கெட்டில் மீன் விற்கும் ஃப்ளோரன்ஸ் போன வருடம் எங்கள் தெருவில் நின்றுகொண்டு இதைக் கேட்டாள். தெருவில் ஒருவருக்கும் பதில் தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை. அவளே கண்டுபிடித்துச் சொன்ன பிறகுதான் தெரிந்தது. அதற்குள் அவள் இரண்டு மெத்தை வாங்கியிருந்தாள்.

ஃப்ளோரன்சுக்கு ஐம்பத்திரண்டு வயது. கல்யாணமான மறு வருடமே கூடையைத் தூக்கியவள். இருபத்தெட்டு வருடமாக மார்க்கெட் வாசலில் அதே தூணுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து விற்கிறாள். காசிமேட்டில் படகு வந்து ஏலம் கூவும்போது மற்றவர்கள் மீனின் கண்ணைப் பார்ப்பார்கள், செவுளைத் தூக்கிப் பார்ப்பார்கள். அவள் அதெல்லாம் பார்ப்பதில்லை. குனிந்து வலது கட்டைவிரலால் மீனின் முதுகுச் சதையில் ஓர் அழுத்து அழுத்துவாள். விரலை எடுத்ததும் சதை துள்ளி நிமிர்ந்தால் மீன் புதிது. பள்ளம் அப்படியே நின்றால் அது ஐஸில் நாலு நாள் கிடந்தது. செவுளில் சாயம் தடவி ஏமாற்றலாம், கண்ணில் தண்ணீர் தெளித்து ஏமாற்றலாம், சதையை வைத்து ஏமாற்ற முடியாது என்பாள். ஏலம் விடுகிறவர்களே சந்தேகம் வந்தால் அவளைக் கூப்பிட்டு அழுத்தச் சொல்வதுண்டு.

அந்த விரல் மீனோடு நிற்கவில்லை. கத்திரிக்காய், பன்ரொட்டி, தலையணை, செருப்பின் அடிப்பாகம் என்று எதை வாங்கினாலும் அவள் அழுத்தித்தான் வாங்குவாள். துள்ளி நிமிர்ந்தால் நல்லது, பள்ளம் விழுந்தால் வேண்டாம். அவள் மட்டுமல்ல, எங்கள் தெருவில் பாதிப்பேர் அப்படித்தான். மீன்காரர்கள் தெரு.

அவளுடைய கணவர் லியோனார்ட் துறைமுகத்தில் வின்ச் ஓட்டிக்கொண்டிருந்தார். எவ்வளவு பெரிய சரக்கையும் சத்தமில்லாமல் தரையில் இறக்குவார் என்று பேர் வாங்கியவர். அதற்கு முந்தைய ஐப்பசியில், மழை பிடிப்பதற்குள் கூரையின் சிமெண்ட் ஷீட்டில் இருந்த விரிசலை அடைத்துவிடலாம் என்று ஏறினார். ஷீட் உடைந்தது. எட்டடி உயரம்தான். ஆனால் விழுந்த இடத்தில் ஆட்டுக்கல் இருந்தது. முதுகெலும்பில் அடி. பெரிய ஆஸ்பத்திரியில் இரண்டரை மாதம் வைத்திருந்து, பொங்கல் சமயத்தில் வீட்டுக்கு அனுப்பினார்கள். பேச்சு, கை, பசி, கேலி எல்லாம் பழையபடி இருந்தன. இடுப்புக்குக் கீழே மட்டும் எதுவும் இல்லை. கிள்ளினாலும் தெரியாது, சுட்டாலும் தெரியாது.

ஆஸ்பத்திரியில் பக்கத்துக் கட்டிலில் கும்மிடிப்பூண்டிக்காரர் ஒருவர் இருந்தார். அவருக்கும் இதே மாதிரிதான். கிறிஸ்துமசுக்கு முந்தின வாரம் அவர் இறந்துபோனார். கால் போனதால் அல்ல. படுத்தே கிடந்ததில் இடுப்பின் பின்பக்கம் புண் வந்து, அது எலும்புவரை போய், ரத்தத்தில் விஷம் ஏறிவிட்டது. துணி மாற்றும்போது ஃப்ளோரன்ஸ் ஒரு தடவை அந்தப் புண்ணைப் பார்த்தாள். அதற்குப் பிறகு அவள் மாதாவிடம் கேட்டதெல்லாம் ஒன்றுதான். லியோனார்ட் எழுந்து நடக்க வேண்டும் என்றுகூடக் கேட்கவில்லை. அந்தப் புண் மட்டும் வரக்கூடாது.

தவக்காலம் தொடங்கி இரண்டாவது வாரம் அது வந்தது. புண்ணாக அல்ல, முதுகெலும்பு முடிகிற இடத்துக்குச் சற்று மேலே ஒரு ரூபாய் நாணய அளவுக்கு ஒரு சிவப்பாக. வாரத்துக்கு ஒரு தடவை வீடு வீடாகப் போய்ப் படுக்கையில் கிடப்பவர்களைப் பார்க்கிற நர்ஸ் ஜெனிதான் முதலில் கண்டாள். புளியந்தோப்புப் பெண், முப்பது வயது இருக்கும், சுற்றி வளைத்துப் பேசத் தெரியாதவள். ஃப்ளோரன்சின் விரலைப் பிடித்து அந்தச் சிவப்பின் மேல் வைத்தாள்.

"அழுத்திப் பாருக்கா. வெளுத்துப் போயி மறுபடி செவக்குது பாத்தியா? ரத்தம் ஓடிகினு கீதுன்னு அர்த்தம். அழுத்தியும் வெளுக்காம செவப்பாவே நின்னுச்சுன்னா, அன்னிக்கே எனக்குப் போன் போடு."

லியோனார்ட் கொஞ்சம் வெளுத்த தோல்காரர், அதனால் இது கண்ணுக்குத் தெரிகிறது என்றும், கறுத்த உடம்பாக இருந்தால் புறங்கையை வைத்து அந்த இடம் சுடுகிறதா, கெட்டிப்பட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும் என்றும் ஜெனி சொல்லிவைத்தாள். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை அவரைத் திருப்பிப் படுக்க வைக்கச் சொன்னாள். பிறகு கட்டிலில் கிடந்த இலவம்பஞ்சு மெத்தையைத் தட்டிப் பார்த்தாள். கல்யாணத்துக்கு வந்த மெத்தை, பலகைபோல இறுகியிருந்தது. நல்ல மெமரி ஃபோம் மெத்தை ஒன்று வாங்கு, அது உடம்பை உள்ளே வாங்கிக்கொண்டு கனத்தைப் பரப்பும் என்றாள். காற்று மெத்தையும் உண்டு, ஆனால் அதற்கு மோட்டார் நிற்காமல் ஓட வேண்டும், உங்கள் தெருக் கரண்டை நம்ப முடியாது என்றும் சொன்னாள்.

ஃப்ளோரன்ஸ் விடியற்காலையில் போனால் மதியம்தான் திரும்புவாள். நடுவில் அவளுடைய தம்பி ஃப்ரெடி, மீன்பாடி வண்டி ஓட்டுகிறவன், இரண்டு சவாரிக்கு நடுவே வந்து மாமாவைத் திருப்பிப் போட்டுவிட்டுப் போவான். சவாரி தள்ளிப்போனால் திருப்புவதும் தள்ளிப்போகும். அந்த இடைவெளியை மெத்தைதான் தாங்க வேண்டும்.

திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் இருக்கும் ஒரு மெத்தைக் கடைக்கு அக்காவும் தம்பியும் போனார்கள். கண்ணாடிக் கதவு, உள்ளே ஏசி. விற்பனைக்கு நின்றவர் ஜெயவேல், வியாசர்பாடிக்காரர், நாற்பதைத் தொட்டவர், பத்து வருடமாக அந்தக் கடையில் இருப்பவர். விஷயத்தைக் கேட்டதும் அவர் நேராக ஒரு கனத்த மெத்தையின் முன்னால் கொண்டுபோய் நிறுத்தி, தன் உள்ளங்கையை அதில் அழுத்தி எடுத்தார். ஐந்து விரலும் அச்சுப் போட்டதுபோலப் பதிந்து நின்றன. பிறகு மெள்ள மெள்ள, யாரோ உள்ளிருந்து ஊதுவதுபோல, பள்ளம் மேலே வந்தது. ஜெயவேல் பெருமையாகத் திரும்பிப் பார்த்தார்.

ஃப்ளோரன்ஸ் தன் கட்டைவிரலை வைத்து அழுத்தினாள். பள்ளம் நின்றது. அவள் சிரித்தாள்.

"இன்னா நைனா, நாலு நாளு ஐஸ்ல கெடந்தத என் தலைல கட்டப் பாக்குறியா?"

"யக்கா, இது அப்பிடித்தான் இருக்கணும். பள்ளம் வுழுந்து மெதுவா ஏறுனாத்தான் மெமரி ஃபோம்."

"சாவப்போறதுதான் மெதுவா மூச்சு வுடும். நான் பாக்காத மெதுவா?"

அடுத்து இருந்த மெத்தையில் அழுத்தினாள். விரலை எடுப்பதற்குள் அது நிமிர்ந்தது. இன்னொரு தடவை அழுத்தினாள். விரலையே மேலே தூக்கிவிட்டது. இதுதான் உயிரோடு இருக்கிறது என்றாள். இதன் மேலும் மெமரி ஃபோம் என்றுதான் எழுதியிருந்தது. ஜெயவேல் பொறுமையாகச் சொன்னார். எழுத்தை நம்பாதே, இதில் மேலே ஒரு விரல்கடை உயரம்தான் மெமரி ஃபோம், கீழே இருப்பது சாதாரண ஸ்பாஞ்ச். அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. முதல் மெத்தையில் உட்கார்ந்தும் பார்த்தாள். ஏசி குளிரில் அது கட்டாந்தரைபோல இருந்தது. இரண்டாவதில் ஒரு 'அருள் நிறைந்த மரியே' சொல்லும் நேரம் படுத்துப் பார்த்தாள். மெத்தென்று இருந்தது. ஜெயவேல் மூன்றாவது முறை வாயெடுத்தபோது, நைனா, இருபத்தெட்டு வருசமா இந்த விரலாலதான் சோறு சாப்பிடுறேன் என்றாள். அவர் பில் போடப் போய்விட்டார்.

ஃப்ரெடியின் வண்டியில் மெத்தை தெருவுக்கு வந்து இறங்கியது. வேடிக்கை பார்க்க வந்தவர்கள் எல்லாரும் ஆளுக்கொரு அழுத்து அழுத்தினார்கள். எல்லாருக்கும் திருப்தி. சங்கரா மீன் மாதிரி துள்ளுகிறது என்று ஒருவர் சொன்னார். நானும் அழுத்தினேன், நானும் தலையாட்டினேன். லியோனார்டைத் தூக்கி அதில் கிடத்தி, எப்படி இருக்கிறது என்று ஃப்ளோரன்ஸ் கேட்டாள்.

"மேல் பாதிக்கு நல்லாத்தான் கீது. கீழ் பாதிகிட்ட நீயே கேட்டுக்கோ ஃப்ளோரி."

எல்லாரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்று, வாசலுக்கு வந்து, முதலில் சொன்ன அந்தக் கேள்வியைக் கேட்டாள். மெத்தை புதிது, விரல் சரி என்று சொல்லியாயிற்று, அதற்கு மேல் என்ன என்று அவரவர் வேலையைப் பார்க்கப் போனார்கள்.

நாலாவது வாரம் பெரிய வெள்ளி வந்தது. மீன்பிடித் தடைக்காலம் தொடங்கியதும் அதே வாரம்தான். விசைப்படகெல்லாம் கட்டிக்கிடந்தது. மதியம் கோயிலில் சிலுவைப்பாதை முடிந்து வந்து, வியர்வையில் நனைந்த விரிப்பை மாற்றலாம் என்று ஃப்ளோரன்ஸ் லியோனார்டைப் பக்கவாட்டில் உருட்டினாள். அவர் படுத்திருந்த இடத்தில் மெத்தை ஒரு வாழைமட்டையைப் போலக் குழிந்திருந்தது. கையை வைத்து அழுத்தினாள். கட்டில் பலகை கைக்குத் தட்டுப்பட்டது. பிறகு அவருடைய முதுகைப் பார்த்தாள். நாணய அளவுச் சிவப்பு இப்போது ஓர் உள்ளங்கை அளவுக்கு விரிந்திருந்தது. விரலை வைத்து அழுத்தி எடுத்தாள். வெளுக்கவில்லை. மறுபடி அழுத்தினாள். சிவப்பு சிவப்பாகவே நின்றது.

"இன்னாடி, பேச்சக் காணோம்?" என்று லியோனார்ட் சுவரைப் பார்த்தபடி கேட்டார்.

அவள் ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டு வெளியே வந்து ஜெனிக்குப் போன் போட்டாள்.

விடுமுறை நாளாக இருந்தாலும் ஜெனி வந்தாள். அழுத்திப் பார்த்தாள், புறங்கையை வைத்துப் பார்த்தாள். உள்ளே சதை கெடத் தொடங்கிவிட்டது, மேல் தோல் இன்னும் திறக்கவில்லை, திறக்காமல் இருந்தால் பழையபடி ஆகிவிடும் என்றாள். இன்று முதல் மல்லாக்கப் படுக்கவே கூடாது. இடப்பக்கம் இரண்டு மணி, வலப்பக்கம் இரண்டு மணி, இரவும் பகலும். இரண்டு வாரத்தில் மாறவில்லை என்றால் ஆஸ்பத்திரி. கிளம்பும்போது மெத்தையைப் பார்த்து, இதையா வாங்கினாய் என்று மட்டும் கேட்டாள்.

தடைக்காலம் என்பதால் சந்தையில் சின்னப் படகு மீன்தான், அதைவிட்டு வீட்டில் இருக்க முடிந்தது. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை செல்போனில் அலாரம் வைத்து அவரைத் திருப்பினாள். மூன்றாம் நாள் மெத்தையின் கால்பக்கம் உறையின் ஜிப்பைத் திறந்தாள். ஜெயவேல் சொன்னது அப்படியே இருந்தது. மேலே சாம்பல் நிறத்தில் ஒரு மெல்லிய அடுக்கு, அதற்குக் கீழே முழுக்க மஞ்சள் ஸ்பாஞ்ச். மீன் வெட்டும் கத்தியால் ஓரத்தில் இரண்டிலும் ஒவ்வொரு துண்டு அறுத்து எடுத்தாள். சாம்பல் துண்டுகளை நாலைந்து அறுத்து ஒன்றன்மேல் ஒன்று வைத்து மஞ்சள் உயரத்துக்குக் கொண்டுவந்தாள். இரண்டையும் அரிவாள்மணைப் பலகையில் வைத்து, வலது முழங்கையை மஞ்சளிலும் இடது முழங்கையை சாம்பலிலும் ஊன்றி, தலையைக் கையில் தாங்கிக்கொண்டு உட்கார்ந்தாள். ஃப்ரெடி வந்து பார்த்துவிட்டு, அக்காவுக்குப் பித்து பிடித்துவிட்டது என்று நினைத்தானாம்.

கால் மணி நேரத்தில் வலது முழங்கை எலும்பு வலிக்கத் தொடங்கியது. இடது முழங்கை வலிக்கவில்லை. அரை மணி நேரத்தில் வலது கை விரல்கள் மரத்துப்போயின. மஞ்சள் ஸ்பாஞ்ச் முதலில் எலும்பைத் திருப்பி முட்டியது, பிறகு களைத்துப்போய் நசுங்கிப் பலகையோடு பலகையாகக் கிடந்தது. சாம்பல் துண்டில் முழங்கை புதைந்து, சுற்றிலும் அது ஏறி நின்று, எலும்பின் கனத்தைப் பக்கத்துச் சதைக்கும் பிரித்துக் கொடுத்திருந்தது. ஃப்ளோரன்ஸ் எழுந்து போய்க் கட்டில் பக்கத்தில் நின்றாள்.

"மீனு நம்ம விரலத் திருப்பித் தள்ளணும். மெத்த திருப்பித் தள்ளக் கூடாது. நாலு வாரமா இது உன் எலும்ப முட்டிகினே கீதுயா. நான்தான் பாத்துப் பாத்து வாங்கியாந்தேன்."

"என்கிட்ட ஒரு வார்த்த சொல்லல பாரு அது," என்றார் லியோனார்ட்.

ஃப்ரெடி கடைக்காரனை ஒரு கை பார்த்துவிட்டு வருகிறேன் என்று கிளம்பினான். அவள் விடவில்லை. தானே போனாள். கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு அவள் உள்ளே வந்த வேகத்தைப் பார்த்து, ஜெயவேல் மேசைக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார். உபயோகித்த மெத்தையைத் திரும்ப எடுக்கமாட்டோம் என்ற அட்டை அவருடைய தலைக்கு மேலே தொங்கியது.

"பயப்படாத நைனா. நீ மூணு வாட்டி சொன்ன, நான் கேக்கல. தப்பு எம்மேல," என்றாள் ஃப்ளோரன்ஸ்.

பத்து வருடத்தில் இப்படி ஒரு வாடிக்கைக்காரரை ஜெயவேல் பார்த்ததில்லை. நாற்காலி போட்டார். அவள் உட்காராமல் பையிலிருந்து தன்னுடைய மீன் தராசை எடுத்து மேசைமேல் வைத்தாள். இனி விரலை நம்பமாட்டேன், எதை நம்பலாம் சொல் என்றாள். கனத்தைத்தான் நம்பலாம் என்றார் அவர். மெமரி ஃபோமில் சரக்கு அதிகம் இருந்தால் கனக்கும், காற்று அதிகம் இருந்தால் கனக்காது, சீக்கிரம் அமுங்கிப்போகும். பத்து சென்டிமீட்டர் நீளம், அகலம், உயரம் உள்ள கட்டை எத்தனை கிராம் இருக்கிறதோ அதுதான் கம்பெனிக்காரன் அட்டையில் போடுகிற எண். ஐம்பதை ஒட்டி இருந்தால் நல்லது. இதைக் கம்பெனி ஆட்கள் வந்து வகுப்பெடுத்தபோது சொன்னார்கள். ஆனால் அவரும் ஒரு நாளும் நிறுத்துப் பார்த்ததில்லை.

மாதிரிக்கு வைத்திருந்த மூன்று கட்டைகளைத் தராசில் வைத்தார்கள். ஒன்று ஐம்பது கிராம், அட்டையிலும் ஐம்பது. இன்னொன்று இருபத்தைந்து, அதன் அட்டையில் எண்ணே இல்லை. மூன்றாவது அட்டையில் ஐம்பது என்று போட்டிருந்தது. தராசு முப்பத்தைந்து காட்டியது. ஜெயவேல் கட்டையைத் திருப்பி வைத்தார், அப்போதும் முப்பத்தைந்து. அட்டையைப் பார்த்தார், கட்டையைப் பார்த்தார். இத ஒரு வருசமா அம்பதுன்னு சொல்லித்தான்கா வித்துகினு இருக்கேன் என்று மெதுவாகச் சொன்னார்.

ஃப்ளோரன்ஸ் ஏசியை அணைக்கச் சொன்னாள். தன் வீட்டில் ஏசி கிடையாது, சித்திரை வெயிலில் படுக்கிற மெத்தையைக் குளிரில் வைத்துப் பார்த்து என்ன பயன் என்றாள். கதவைத் திறந்துவிட்டு முக்கால் மணி நேரம் காத்திருந்தார்கள். வெளியே டிரெய்லர் லாரிகள் கிளப்பிய புழுதி உள்ளே வந்தது. கட்டாந்தரைபோல இருந்த கனத்த மெத்தை சூட்டில் இளகி, கையை நிதானமாக உள்ளே வாங்கியது. அடிவரை போகவில்லை. முப்பத்தைந்து கிராம் மெத்தை தோசை மாவாகிவிட்டது. கை நேராக அடியைத் தொட்டது.

கனத்த மெத்தைதான் என்று முடிவாயிற்று. ஆனாலும் அவள் காசை எடுக்கவில்லை. போன தடவையும் இப்படித்தான் சந்தேகமே இல்லாமல் வாங்கினேன் என்றாள். படுக்கப்போகிறவரை இங்கே கூட்டிவந்து படுக்க வைத்துப் பார்க்க விடுவாயா என்று கேட்டாள். ஜெயவேல் முதலாளிக்குப் போன் போட்டார். நீண்ட பேச்சுக்குப் பிறகு, சிவப்பு அடங்கட்டும், பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் வாருங்கள், அப்போது கூட்டம் இருக்காது என்றார்.

சிவப்பு அடங்க பதினாறு நாள் ஆயிற்று. ஒரு நாள் ஜெனி அழுத்தியபோது, லேசாக, ஓரத்தில் மட்டும் வெளுத்தது. அடுத்த வாரம் நடுவிலும் வெளுத்தது. அதற்குப் பிறகு வந்த செவ்வாய்க்கிழமை ஃப்ரெடி தன் மீன்பாடி வண்டியை பிளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவி, மஞ்சள் ஸ்பாஞ்ச் மெத்தையை அதில் விரித்து, மாமாவைப் பக்கவாட்டில் கிடத்தி, கயிற்றால் லேசாகக் கட்டினான். பொங்கலுக்குப் பிறகு லியோனார்ட் வெளியே வருவது அதுதான் முதல் தடவை. கிழக்கே தெரிந்த கிரேன்களைப் பார்த்து, நம்ம ஆளு எவனும் லோடு எறக்கல போல, எல்லாம் தூங்கிகினு கீது என்றாராம். வண்டியில் வாடை போகவில்லை. சிக்னலில் நின்றபோது ஒருவர் எட்டிப் பார்த்து மீன் என்ன விலை என்று கேட்க, வஞ்சிரம், அறுபது கிலோ, முழுசா எடுத்தாத்தான் தருவோம் என்று லியோனார்டே பதில் சொன்னார்.

கடையில் ஏசியை முன்கூட்டியே அணைத்திருந்தார்கள். மூன்று பேராகத் தூக்கிக் கனத்த மெத்தையில் மல்லாக்கக் கிடத்தினார்கள். ஜெனி தன் சாப்பாட்டு நேரத்தில் வந்திருந்தாள். இடுப்பு வளைவுக்கு அடியில் கையை விட்டுப் பார்த்தாள். கை நுழையவில்லை. இடைவெளியே இல்லாமல் ஒட்டியிருக்கிறது என்றாள். நாற்பது நிமிடம் அசையாமல் கிடக்கட்டும் என்று கடிகாரத்தைப் பார்த்தாள். நடுவே கல்யாணத்துக்கு மெத்தை வாங்க ஒரு குடும்பம் வந்து, கடை நடுவில் ஒருவர் படுத்திருப்பதைக் கண்டு தயங்கி நின்றது. லியோனார்ட் அவர்களை உட்காரச் சொல்லி, இன்னும் அரை மணி நேரத்தில் முடிவு தெரிந்துவிடும் என்றார். அவர்கள் உண்மையாகவே உட்கார்ந்தார்கள். சிறிது நேரத்தில் லியோனார்ட் குறட்டை விட்டார். ஃப்ளோரன்ஸ் மட்டும் உட்காரவில்லை.

நாற்பது நிமிடம் ஆனதும் அவரைப் பக்கவாட்டில் உருட்டினார்கள். ஃப்ரெடி ஒரு போர்வையை மறைப்பாகப் பிடித்தான். பழைய இடத்தில் இளஞ்சிவப்பாக ஒரு தடம் இருந்தது. ஜெனி நகர்ந்துகொண்டு ஃப்ளோரன்சைப் பார்த்தாள். ஃப்ளோரன்ஸ் விரலை வைத்தாள். அழுத்தினாள், எடுத்தாள். அந்த இடம் வெளுத்தது. மூன்று எண்ணுவதற்குள் ரத்தம் திரும்பி ஓடி வந்தது. இன்னொரு தடவை அழுத்தினாள். மறுபடியும் வெளுத்தது, மறுபடியும் வந்தது. கீழ் பாதியின் பதில் அதுதான் என்று அவளுக்குப் புரிந்தது.

பக்கத்து மெத்தையிலும் ஒரு நாற்பது நிமிடம் போட்டு ஒப்பிட்டுப் பார்க்கலாமா என்று கேட்டாள். ஜெனி முறைத்தாள்.

"அவரு இன்னா மீனாக்கா, ஒவ்வொரு கூடையா மாத்திப் போட்டுப் பாக்க? இது சரியா கீது. தூக்கச் சொல்லு."

புது ஐஸ் பெட்டிக்கென்று வைத்திருந்த பணம் மெத்தைக்குப் போனது. பழைய பெட்டியின் மூடி உடைந்துதான் இன்றும் இருக்கிறது, மேலே ஒரு கல்லை வைத்திருக்கிறாள். அந்த முப்பத்தைந்து கிராம் மெத்தையின் அட்டையில் ஐம்பது என்ற எண்ணை ஜெயவேல் பேனாவால் அடித்துவிட்டார். அதற்காக முதலாளியிடம் திட்டும் வாங்கினார். இப்போது கடை மேசையில் ஒரு தராசு இருக்கிறது.

லியோனார்ட் நடக்கவில்லை. இனி நடக்கமாட்டார் என்றுதான் டாக்டர்கள் சொல்கிறார்கள். மெத்தை நல்லதாக இருந்தாலும் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை திருப்புவது நிற்கவில்லை. அதை எந்த மெத்தையும் செய்யாது என்று ஜெனி கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறாள். ஒரு வருடம் ஆகிறது, புண் வரவில்லை. தினமும் குளிப்பாட்டிய பிறகு ஃப்ளோரன்ஸ் அவருடைய முதுகில் விரலை வைத்துப் பார்க்கிறாள். அவர் சுவரைப் பார்த்துக்கொண்டு, இன்னா சொல்லுது என்று கேட்பார். நல்லா கீதாம் என்று அவள் சொல்வாள்.

இதைப் படித்தவர்கள் ஓர் உதவி செய்ய வேண்டும். உங்கள் தெருவிலும் யாராவது படுக்கையில் கிடப்பார்கள், அவர்களுக்காக யாராவது மெத்தைக் கடைக்குக் கிளம்பிக்கொண்டிருப்பார்கள். அவர்கள் போவதற்கு முன் இந்தக் கதையை அவர்களிடம் சொல்லிவிடுங்கள். கட்டையை நிறுத்துப் பார்க்கச் சொல்லுங்கள், ஏசியை அணைக்கச் சொல்லச் சொல்லுங்கள். முடிந்தால் படுக்கப்போகிறவரையே கூட்டிக்கொண்டு போய்க் கிடத்திவிட்டு, மெத்தையை விட்டுவிட்டு அவருடைய முதுகைப் பார்க்கச் சொல்லுங்கள். படிக்கத் தெரியாதவர்களாக இருந்தால் நீங்கள் வாயால் சொன்னால் போதும்.